அரத்தாளின் முதுகில் இருக்கும் இலக்கம்

எங்கள் பட்டறைக்கு வேலை பழக வந்த பெடியன் ஒருவன், ஒரு முதிரை மரக் கதவைக் காலை எட்டு மணிக்குத் தேய்க்கத் தொடங்கி மத்தியானச் சோறு வரைக்கும் தேய்த்தான். கையை வைத்துப் பார்த்தேன், வழுவழுப்பாகத்தான் இருந்தது. பின்னேரம் முதல் பூச்சு வார்னிஸ் போட்டோம். வார்னிஸ் ஈரமாக இருக்கும்போதே, பலகை சீவும் பிளேன் மெசின் விட்ட அலைத்தடங்கள், விரல் அகலத்துக்கு ஒன்றாக, கதவின் மேலிருந்து கீழ்வரை தெரியத் தொடங்கின. நாலு மணித்தியாலம் தேய்த்த கதவு அது. அவன் கையில் இருந்த சாண்ட் பேப்பர் தாளைத் திருப்பிப் பார்த்தேன்: 320.

அவன் சோம்பேறி இல்லை. நல்லாக வேலை செய்கிற பிள்ளை. எந்தத் தாளை எப்போது எடுக்க வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பிழை என்னுடையது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். மரவேலையை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கும், வீட்டுக் கதவு, யன்னல், கதிரையைத் தாங்களே தேய்த்துப் பூச நினைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

ஹாட்வெயார் கடையில் சாண்ட் பேப்பர் என்று கேட்போம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு அரத்தாள் என்று பெயர். கடதாசியிலோ துணியிலோ பசை பூசி, அதன்மேல் கூரான சின்னஞ்சிறு மணிகளைத் தூவி ஒட்டியிருப்பார்கள். சாண்ட் பேப்பர் என்ற பேரில் மணல் இருந்தாலும் இன்றைய தாளில் கடற்கரை மணல் கிடையாது. மணலின் முனை உருண்டை, மரத்தை வெட்டாது.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அரத்தாள் மரத்தைக் கீறுகிறது. வழுவழுப்பு என்று நாம் சொல்வது, கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அளவுக்குச் சிறுத்துப்போன கீறல்கள். ஒவ்வொரு மணியும் ஒரு சின்ன உளி. பெரிய மணி ஆழமாக உழுதுகொண்டு போகும், சின்ன மணி மேலாக உழும். ஒரு தாளை எடுத்துத் தேய்க்கிறோம் என்றால், முன்னால் இருந்த பெரிய கீறலை அழித்து அதன் இடத்தில் அதைவிடச் சின்னக் கீறலைப் போடுகிறோம். பிறகு அதையும் அழித்து இன்னும் சின்னதைப் போடுகிறோம்.

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. உழுத வயலில் கட்டி உடைபடாமல் கிடக்க, அப்படியே பலகை அடித்தால் என்ன நடக்கும்? மேலே மட்டமாகத் தெரியும். தண்ணீர் கட்டியதும் மேடும் பள்ளமும் வெளியே வந்துவிடும். அந்தக் கதவுக்கு நடந்தது அதுதான். 320 மேல்தோலை மினுக்கியது, பிளேன் மெசின் விட்ட பள்ளத்தை அதனால் தொட முடியவில்லை. வார்னிஸ் அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டின மாதிரி.

இலக்கம் என்ன சொல்கிறது

தாளின் முதுகைத் திருப்பினால் ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். 60, 80, 120, 180 என்று போகும். இலக்கம் ஏற ஏற மணி சிறுக்கும். மணிகளைச் சல்லடையில் அரித்துப் பிரித்த காலத்திலிருந்து வந்த கணக்கு இது. ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை கண் இருக்கும் சல்லடை என்பதை வைத்து இலக்கம் போட்டார்கள். கண் கூடினால் ஒவ்வொரு கண்ணும் சிறுத்துவிடும், அதற்குள்ளால் விழும் மணியும் சிறியதாகத்தான் இருக்கும். அரிசி மா அரிக்கிற அரிதட்டும் கல் அரிக்கிற சல்லடையும் வேறுபடுவது போலத்தான்.

அளவைச் சொன்னால் இன்னும் தெளியும். P80 தாளின் மணி ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். P120இல் அது 0.125. P180இல் 0.08. P240இல் 0.06ஐ விடச் சற்றுக் குறைவு, P400இல் 0.035. தலைமயிர் ஒன்றின் தடிப்பு 0.07 அளவில் இருக்கும். ஆகவே 220ஐத் தாண்டிய தாள் மயிரிழையை விடச் சின்ன உளிகளால்தான் வேலை செய்கிறது. அதைக் கொண்டு பிளேன் மெசின் தடத்தை எடுக்க நினைப்பது, கிணறு வெட்டத் தேக்கரண்டியோடு இறங்குவது மாதிரி.

இலக்கத்துக்கு முன்னால் P என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். P இருந்தால் ஐரோப்பிய முறை. இல்லாவிட்டால் அது அமெரிக்க முறையாகவோ வேறு முறையாகவோ இருக்கலாம். 220 வரைக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கவலைப்பட வேண்டாம். அதற்கு மேலே விலகும். அமெரிக்க முறையில் 320 என்பது P400க்குக் கிட்டவும், அங்கே 400 என்பது P800க்குக் கிட்டவும் வரும். வார்னிஸ் பூச்சுகளுக்கு இடையில் தேய்க்க வாங்கும் தாளில் இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும். ஒரு வேலைக்கு ஒரே முறைத் தாளை வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

தொடங்கும் இலக்கத்தை மரத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை, பலகையில் இப்போது இருக்கும் மிக ஆழமான தடம் தீர்மானிக்கும். மரஆலையில் அரிந்து வந்த வாள் தடம் அப்படியே இருந்தால் முதலில் சீவுங்கள், தாளுக்கு அது வேலை இல்லை. சீவ வழியில்லையென்றால் 40 அல்லது 60. பிளேன் மெசின் போன பலகைக்கு 80. கைச்சீவுளியைத் தீட்டி நன்றாக இழைத்த பலகைக்கு 120 போதும். பழைய வார்னிஸ் உரிக்க 60 அல்லது 80.

பிறகு படியேற வேண்டும். 80க்குப் பிறகு 120, பிறகு 180, தேவையென்றால் 240. ஒவ்வொரு படியும் முன்னையதைப் போல ஒன்றரை மடங்கு அளவில் இருந்தால் வேலை சுகமாகப் போகும். 80இலிருந்து நேரே 240க்குத் தாவினால் நேரம் மிஞ்சும் என்று தோன்றும். மிஞ்சாது. 80 விட்ட பள்ளத்தின் அடி வரைக்கும் உள்ள மரம் முழுவதையும் அந்தச் சின்ன மணிகளே கரைக்க வேண்டும். தாளும் தேயும், தோளும் நோகும், பாதியில் கை ஓய்ந்து "காணும்" என்று விட்டுவிடுவீர்கள். மிச்சம் இருக்கும் கீறல்களில் சாயம் இறங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும்.

ஒரு படி முடிந்ததா என்று எப்படி அறிவது? நான் தச்சுவேலை பழகிய ஓடாவியார் பென்சிலால் காட்டித் தந்த வழி இது. பலகை முழுவதும் பென்சிலால் மெல்லக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள், அழுத்தாமல். பிறகு தேயுங்கள். பள்ளமான இடத்தில் கோடு நிற்கும், மேட்டில் அழிந்துவிடும். எல்லாக் கோடும் போன பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு இழுவை தேய்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். 120ஐ எடுத்துக்கொண்டு நான் நின்றபோது அவர் பலகையைச் சாய்த்துப் பிடித்து, "இன்னும் 80லதான் நிக்குதடா தம்பி, கோட்டைப் பார்" என்றார். மூலையில் ஒரு முழம் நீளத்துக்குப் பென்சில் கோடு அப்படியே கிடந்தது. இன்றைக்கும் கதவு, மேசைப்பலகை என்று வந்தால் பென்சில் இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

வெளிச்சமும் முக்கியம். தலைக்கு நேர் மேலே நிற்கும் மத்தியான வெயிலில் எந்தப் பலகையும் அழகாகத்தான் தெரியும். காலை வெயில் வாசலால் சாய்ந்து விழும்போது பலகையை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். இரவில் ரோச் லைற்றைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள். ஒவ்வொரு கீறலும் நிழல் விழுத்தும்.

தேய்க்கும் திசை மரத்தின் ஓட்டத்தோடு இருக்கட்டும். ஓட்டத்தோடு விழும் கீறல் மரத்தின் வரிகளுக்குள் மறைந்துவிடும். குறுக்கே விழுந்தது நாரை அறுத்துக்கொண்டு நிற்கும், எத்தனை பூச்சுப் போட்டாலும் தெரியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் பலகையைத் தூரிகையால் தட்டித் துடையுங்கள். தாளிலிருந்து உதிர்ந்த 80ஆம் நம்பர் மணி ஒன்று பலகையில் கிடந்து 180இன் கீழே அகப்பட்டால், அது ஆழமான ஒரு கோட்டை இழுத்துவிடும். மலிவுத் தாளில் வரும் கெடுதியும் இதுதான்: மணிகள் சரியாக அரிக்கப்படாமல் பெரியதும் சின்னதும் கலந்திருக்கும். கடையில் தாளை மெல்ல மடித்துப் பாருங்கள். மணி பொலபொலவென்று கொட்டினால் அது வேண்டாம்.

வார்னிஸ் பூசப்போகும் மரத்தை 180இல் அல்லது 240இல் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் மினுக்கினால் பூச்சு பிடிக்க இடம் குறையும், சாயமும் குறைவாகவே இறங்கும். எண்ணெய் மட்டும் தடவும் பொருளுக்கு 320 வரை போகலாம். பலகையின் வெட்டுமுகத்தை மட்டும் ஒரு படி கூடுதலாகத் தேயுங்கள். அங்கே நார்களின் வாய் திறந்திருப்பதால் சாயத்தைக் குடித்து மற்ற இடத்தை விடக் கறுத்துப்போகும். கூடுதலாகத் தேய்த்தால் அந்த வேறுபாடு தணியும்.

மணியின் நிறமும் தாளின் உடம்பும்

கடையில் கபில நிறத்தில் அதிகம் கிடைப்பது அலுமினியம் ஒக்சைட். மரவேலைக்கு இதுதான் அன்றாடத் தாள். கடினம், உழைக்கும், மெசினுக்கும் கைக்கும் பொருந்தும். கறுப்பாக இருப்பது சிலிக்கன் காபைட். அதைவிடக் கடினம், அதைவிடக் கூர், ஆனால் நொறுங்கும் தன்மை கூட. பூச்சைத் தேய்க்க அது திறம், தண்ணீரோடும் பாவிக்கலாம். வோட்டர் பேப்பர் என்று நாம் கேட்டு வாங்குவது அதைத்தான். பூச்சில்லாத வெறும் மரப்பலகையில் அதை வீணாக்க வேண்டாம். செம்மஞ்சள் சாயலில் கார்னெட் தாள் கிடைத்தால், கையால் தேய்க்கும் கடைசிப் படிக்கு மிக நல்லது. கெதியாகத் தேயும், ஆனால் மென்மையான தோற்றம் தரும்.

மெசின் பெல்ட்டுகளில் நீல நிறமாக வருவது பெரும்பாலும் சிர்கோனியா. இரத்தினக்கல்லோடு சொந்தமுள்ள சிர்க்கோன் என்ற கனிமத்திலிருந்தும் சிர்கோனியாவை எடுக்கிறார்கள். இலங்கையின் வடகிழக்கில், கொக்கிளாயைத் தாண்டிப் புல்மோட்டைக் கரையில் கறுப்பாக மினுங்கும் கனிம மணலில் இல்மனைற், ரூட்டைலோடு அந்தச் சிர்க்கோனும் கிடக்கிறது. நம்முடைய கரையில் கிடக்கும் பொருளுக்கும் பட்டறையில் சுற்றும் பெல்ட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

தாளின் முதுகு தடிப்பில் வேறுபடும். மெல்லிய கடதாசி கையால் தேய்க்கும் நுண்வேலைக்கு, தடித்தது கரடான வேலைக்கு, துணி முதுகு பெல்ட்டுக்கும் வளைவுகளுக்கும். கடதாசித் தாள் மாரியில் குளிர் குடித்துச் சுருண்டுவிடும். கார்த்திகை மார்கழியில் தகரக் கொட்டில் சுவரில் கொளுவி வைத்த தாள், தையில் எடுக்கும்போது மணி உதிர்ந்து வெறும் கடதாசியாகிவிடும். பொலித்தீன் பையில் போட்டு இரண்டு பலகைக்கு இடையில் படுக்கவைத்தால் அடுத்த மாரி வரை கிடக்கும்.

சில தாள்களின் முகத்தில் வெள்ளைப் பொடி பூசியது போல இருக்கும். பழுதான தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மரத்தூள் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் போட்ட சவர்க்காரத் தன்மையான பூச்சு அது. எண்ணெய்ப்பற்றுள்ள மரத்துக்கும், வார்னிஸுக்கு முன்னால் மரத்தின் துவாரங்களை அடைக்கும் சீலர் பூசிய பலகைக்கும் இதைத்தான் தேட வேண்டும். அதேபோல மணிகளை நெருக்கி ஒட்டாமல் இடைவெளி விட்டு ஒட்டிய தாளும் உண்டு. தூள் விழ இடம் இருப்பதால் மரத்துக்கு அது நெருக்கித் தூவியதை விட நெடுநாள் உழைக்கும்.

வன்னிப் பகுதி மரங்கள்

முதிரையை எடுத்தால் பலகையில் பட்டை பட்டையாக ஒளி மாறுவதைக் காணலாம். அந்த அழகுக்குக் காரணம் நார் ஒரு பட்டையில் ஒரு பக்கமும் அடுத்த பட்டையில் மறுபக்கமும் சாய்ந்து வளர்வது. சீவுளிக்கு அதுவே தொல்லை. ஒரு பட்டையில் சீராகப் போகும் அலகு, அடுத்த பட்டையில் எதிர்த்து நாரைப் பிய்த்துவிடும். எந்தப் பக்கத்தால் சீவினாலும் எங்கேயோ ஓரிடம் பிய்யும். அரத்தாளுக்கு இந்தச் சாய்வு பெரிதில்லை. அதனால்தான் முதிரையில் தேய்ப்பு வேலை கடைசி மினுக்கல் இல்லை, பாதி வேலையே அதுதான். பிய்ந்த இடத்தை 80இல் முழுதாக எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மரம் இறுக்கம் என்பதால் தாள் கெதியாக மழுங்கும். மழுங்கிய தாளை அழுத்தித் தேய்த்தால் மரம் சூடாகி மினுங்கும், வெட்டுப்படாது. அந்த மினுக்கத்தைக் கண்டதும் தாளை மாற்றுங்கள்.

முந்தி ஓடாவிமார் உடைந்த கண்ணாடித்துண்டின் விளிம்பால் முதிரையைச் சுரண்டுவார்கள். சுருள் சுருளாகத் தும்பு வரும். இப்போது அதற்குச் சுரண்டுதகடு இருக்கிறது, ஒரு பழைய கைவாளின் தகட்டை வெட்டியும் செய்யலாம். சுரண்டிவிட்டுத் தேய்த்தால் 120இலிருந்தே தொடங்க முடியும். பிராய் மரத்தின் இலையும் இந்த வேலைக்குப் பயன்பட்டது. காய்ந்த இலையின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஏன் என்று விளங்கும்.

தேக்கு வேறு மாதிரி. சீவச் சுகம், தேய்க்கவும் இலகு, ஆனால் உள்ளே எண்ணெய்ப்பற்று இருக்கிறது, சிலிக்காவும் இருக்கிறது. சிலிக்கா உளியின் வாயை மழுக்கும், எண்ணெய் தாளின் பல்லை அடைக்கும். அடைத்த தாளைத் தூக்கி எறியாமல் பழைய பல்தூரிகையால் தட்டிவிடுங்கள், பாதி உயிர் வந்துவிடும். மெசின் பெல்ட்டுக்கும் டிஸ்க்குக்கும் பழைய செருப்பின் இறப்பர் அடியை ஓடும்போது மெல்லப் பிடித்தால் அடைப்பு உருண்டு வெளியே வரும்.

வேம்பு வசதியான மரம். தேய்க்கும்போது நாக்கில் கைப்பு ஏறும், அவ்வளவுதான். பாலையோ தண்ணீரில் தாழும் மரம். அதற்குப் பொறுமையும் புதுத் தாளும் வேண்டும். பனஞ்சிலாகையில் கருந்தும்பு இரும்பு மாதிரி, நடுவில் உள்ள சோறு பஞ்சு மாதிரி. வெறுங்கையால் தேய்த்தால் சோறு மட்டும் கரைந்து தும்பு வரம்பு வரம்பாக எழும்பி நிற்கும், சிலாம்பும் ஏறும். கட்டைக்குக் கீழே தாளைப் பிடித்துத்தான் பனையைத் தேய்க்க வேண்டும்.

இனி ஒரு விசயம், வேறு ஊர் மரவேலைக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையிருக்காது. எங்கள் மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது. 2009 வரைக்கும் நடந்த போரில் விழுந்த செல் குண்டுகளின் துண்டுகளும் துப்பாக்கிச் சன்னங்களும் மரத்துக்குள் போய், பட்டை மூடி, அதன்மேல் புது மரம் வளர்ந்திருக்கிறது. வெளியே ஒரு தழும்பும் தெரியாது. வேப்பம் பலகை ஒன்றைப் பெல்ட் சாண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தபோது "டக்" என்று ஒரு சத்தம். பெல்ட் இரண்டாகக் கிழிந்து என் முழங்கையில் அடித்தது. பலகையில் பெருவிரல் நகமளவுக்கு இரும்பு, விளிம்பு புத்தம்புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் மைபோலக் கறுத்து நீலம் பாரித்திருந்தது. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்த நிறம் வரும். பழைய காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் செய்தார்கள். அன்றிலிருந்து பலகையில் காரணமில்லாத கருநீலக் கறையைக் கண்டால் மெசினை நிறுத்திவிட்டுக் காந்தம் பிடிப்பேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் போதும். இழுத்தால் உளியால் தோண்டி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சீவுளியும் தாளும். சன்னத்தில் ஈயமும் பித்தளையும் இருக்கலாம், அவற்றைக் காந்தம் இழுக்காது. ஆகவே கண்ணும் வேலை செய்ய வேண்டும். அப்படித் தோண்டிய குழியை அதே மரத்தின் துண்டால் அடைத்து, நார் ஓட்டம் பொருந்த ஒட்டி, சேர்த்துத் தேய்த்து அந்த வேப்பம் பலகையை ஒரு வாங்காக்கிக் கொடுத்தேன். உரிமைக்காரர் அந்த அடைப்பை மறைக்க வேண்டாம், தெரியட்டும் என்று சொல்லித்தான் எடுத்துப்போனார்.

கட்டை, மெசின், மற்றச் சாமான்

தாளை விட முக்கியமானது தாளுக்குப் பின்னால் இருப்பது. வெறும் விரலால் அழுத்தினால் விரல் இருக்கும் இடத்தில் பள்ளமும் இடையில் மேடும் வரும், விளிம்புகள் உருண்டு போகும். மட்டமான முகத்துக்குக் கட்டை வேண்டும். கைக்கு அடங்கும் ஒரு மரத்துண்டு, அடியில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். ரியூப் இல்லாத வெறுங்கட்டையில் ஒரு தூள் அகப்பட்டாலும் அந்த இடத்தில் தாள் கிழியும், பலகையும் கீறும். முழுத்தாள் 9 அங்குலத்துக்கு 11 அங்குலம். நாலாகக் கிழித்தால் சின்னக் கட்டைக்குச் சரி. கிழிக்கும்போது மணிமுகம் கீழே இருக்க மடித்து, வாளின் முதுகை மடிப்பில் வைத்து இழுங்கள். கட்டை இல்லாமல் கையால் பிடிக்கும்போது அந்தக் கால்தாளை மூன்றாக மடியுங்கள். இரண்டாக மடித்தால் உள்ளே தாள் வழுக்கும், மூன்றாக மடித்தால் மணிமுகமும் மணிமுகமும் ஒன்றையொன்று தேய்க்காது, மூன்று முகமும் பயன்படும்.

கடைசல் கால்களுக்கும் வளைவுகளுக்கும் ஸ்பொஞ்ச் வகையும் துணி முதுகுப் பட்டியும் நல்லது. கடைசல் மெசின் ஓடும்போது பட்டியை விரலில் சுற்றவே கூடாது. இழுத்தால் விரலோடுதான் போகும். கீழ்ப்பக்கத்தால் இரண்டு முனையையும் நுனிவிரலால் மட்டும் பிடியுங்கள்.

மெசின் வாங்க நினைக்கும் புதியவருக்கு நான் சொல்வது, 5 அங்குல வட்டச் சாண்டர். அதன் டிஸ்க் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அதனால் கீறல் ஒரே திசையில் சேராது. டிஸ்க் வெல்குரோவில் ஒட்டும். வாங்கும்போது துளைகளை எண்ணிப் பாருங்கள், மெசின் அடியில் எட்டுத் துளை என்றால் டிஸ்க்கிலும் எட்டு, ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தூளை உறிஞ்சாது, தூள் அடியில் உருண்டு சுருள் சுருளாகக் கீறும். மெசினின் பாரமே போதும், அழுத்த வேண்டாம். கடைசி இலக்கத்தில் மெசினை வைத்துவிட்டுக் கையால் ஓட்டத்தோடு நாலு இழுவை இழுத்தால் அந்தச் சுருள்கள் போய்விடும். பெல்ட் சாண்டர் பெரிய பலகைக்கு நல்லது, ஆனால் ஓரிடத்தில் இரண்டு நொடி நிறுத்தினாலும் பள்ளம்.

கிறைண்டரில் பூப்போன்ற டிஸ்க்கைப் பூட்டிக் கதவைத் தேய்ப்பதை இப்போது பல இடத்தில் காண்கிறேன். எனக்கு அது மனவருத்தம். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் சாமான் அது, இரும்புக்குச் செய்தது. பிறைபிறையாகத் தோண்டிவிடும், அதை எடுக்க இன்னொரு நாள் வேலை. வேர்க்கட்டையைக் குடையவோ பழைய தூணின் கரடு தட்டவோ என்றால் சரி, மட்டமான கதவில் வேண்டாம்.

தூளைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். முதிரைத் தூளில் தோலை அரிக்கச் செய்யும் சத்து இருக்கிறது. கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன், எனக்கும் வந்தது. நீளக் கைச் சட்டை, வேலை முடிந்ததும் முழுக்கு, தூள் படிந்த சாரத்தோடு வீட்டுக்குள் போகாமல் இருப்பது, இவை உதவும். நுரையீரலுக்கு அதைவிடக் கவனம் தேவை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் வகைப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் உள்ளே ஆழமாகப் போவது. லேஞ்சியைக் கட்டினால் அதை மறிக்காது. என்95 முகமூடி போடுங்கள், சோளகக் காற்று அடிக்கும் பக்கமாக முதுகைக் காட்டி நில்லுங்கள், வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் இருக்கத் தேய்க்க வேண்டாம்.

பூசுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. தேய்த்து முடிந்த பலகையை ஈரத்துணியால் ஒரு தரம் துடையுங்கள். நனைந்த நார்கள் எழும்பி மேல்முகம் மீண்டும் சொரசொரப்பாகும். பயப்பட வேண்டாம், எப்படியும் பூச்சில் எழும்பப்போகிற நார்கள் அவை. நன்றாகக் காயவிட்டு, நீங்கள் கடைசியாகப் பாவித்த அதே இலக்கத்தில், பாவித்துச் சற்றுத் தேய்ந்த தாளால் பாரம் கொடுக்காமல் இரண்டு இழுவை. கூர் விளிம்புகளையும் அப்போதே 180ஆல் ஒருமுறை வருடிவிடுங்கள், கூரில் வார்னிஸ் நிற்காது.

முதல் பூச்சு காய்ந்த பிறகு 320ஆல் மெல்லத் தேய்க்க வேண்டும். காயாமல் தேய்த்தால் தாளில் உருண்டையாகத் திரளும், வெண்ணிறப் பொடியாக வந்தால் சரியாகக் காய்ந்துவிட்டது. அந்தப் பொடியைத் துடைத்து அடுத்த பூச்சு. அதற்கும் 320. கடைசிப் பூச்சு கண்ணாடியாக வேண்டுமென்றால் பல நாள் காயவிட்டு வோட்டர் பேப்பர் 800, 1000 என்று சவர்க்காரத் தண்ணீரோடு போகலாம். கதவு யன்னலுக்கு அது தேவையில்லை.

அந்த முதிரைக் கதவை நாங்கள் உரித்து 80இலிருந்து மறுபடி தொடங்கினோம். பென்சிலை நான் அவனிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் 180 முடிந்தபோது, பலகையை வாசல் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, கீழ்மூலையில இன்னும் ஒரு கோடு கிடக்கு" என்று அவனே சொன்னான்.